தோற்கிற பக்கத்து வாதம்

"உள்ள போறது சுலபம், மாக்கி. வெளிய வர்றதைப் பத்தி அப்புறம் யோசிப்போம்" என்றாள் கோரா பெட்ரிச்.

அந்த 'அப்புறம்' உடனே வந்துவிட்டது. நாங்கள் நுழைந்ததும் ஃபெடரல் கோர்ட்டின் இரும்புக் கதவு பின்னால் மூடிப் பூட்டிக்கொண்டது. பூட்டிய கோர்ட்டுக் காவலரான மார்ஷல் எங்களைப் பார்த்து வருத்தப்படுவதுபோல் தலையசைத்தார்.

"நீதிபதிக்கு மிரட்டல் போன் வந்திருக்கு. நாங்க சொல்ற வரைக்கும் உள்ள இருக்கறவங்க உள்ளயேதான். அப்படியே விட்டாலும் எங்க போவீங்க? ஏரிக்கரை ரோட்டை மூடியாச்சு."

சுப்பீரியர் ஏரி அன்று காலையிலிருந்தே ஃபெர்ன் ஹார்பர் ஊர் மேல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இப்போதுதான் நிறுத்திய காரும் அதற்குள் வெள்ளையாகிவிட்டது.

"பாஸ், பாதி சாண்ட்விச் கார்லயே இருக்கு" என்றேன்.

"அதுக்கும் நீதி கிடைக்கும். வா."

கோரா பெட்ரிச் மாநிலப் போலீஸில் துப்பறிந்து, மேலதிகாரிகளோடு சண்டை போட்டு, சொந்தமாக ஆபீஸ் திறந்தவள். நான் லைல் மாக்கி, அவள் உதவியாளன். அதற்கு முன்னால் மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடித்தவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். குடிக்காதவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். இப்படித்தான் எங்கள் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்களை வரச் சொன்னவர் நீதிபதி எல்மர் ஹெல்ஸ்ட்ரோம். எண்பதைத் தாண்டியவர். ஃபெடரல் நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. ஆயுள் முழுக்க நாற்காலி அவருடையது, அவராக எழுந்தால்தான் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஒரு காலத்தில் எங்கள் ஊர்ச் சுரங்கக் கழிவை ஏரியில் கொட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதில் வேலை போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். எங்கள் வீட்டில் அவர் பேரைச் சொன்னால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். கடைசிக் காலத்தில் அந்த ஏரி மீனைத்தான் ருசித்துச் சாப்பிட்டார். நீதிபதியை மட்டும் மன்னிக்கவே இல்லை.

இப்போது அந்த நீதிபதிக்கே ஒரு தலைவலி. டேல் கின்னுனென் என்கிற படகு மெக்கானிக், தபால் ஆபீசுக்குத் தீ வைத்தானா இல்லையா என்று வழக்கு. ஜூரி வேண்டாம், ஹெல்ஸ்ட்ரோம் தனியாகவே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டவன். அந்தப் பேர்மேல் அவ்வளவு நம்பிக்கை. விசாரணை முடிந்து திங்கட்கிழமை தீர்ப்பு. இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு ஒலிப்பதிவைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை ஞாயிறு இதழில் வருகிறது. 'சாயங்காலத்துக்குள் நீதிபதி ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்' என்று நிருபர் போன் செய்திருந்தார். விஷயம் அதற்குள் ஊரில் கசிந்து, மிரட்டலும் வந்தாயிற்று.

தனி லிஃப்டில் எங்களை மேலே கூட்டிப்போனார்கள். நீதிபதிக்கு லிஃப்ட் தனி, வண்டி நிறுத்தும் இடம் தனி, நடைபாதையும் தனி. வழியில் ஒரு மனித முகத்தையும் பார்க்க வேண்டாம். நான் ஒரு நாளில் பைத்தியம் பிடித்து ஓடியிருப்பேன்.

நீதிபதியின் தனியறையான சேம்பரில் எங்களை வரவேற்றது அவர் மனைவி மாரிட். சிவந்த முகம், கம்பளிச் சட்டை, கையில் காபிக் குவளைகள். சனிக்கிழமைகளில் நீதிபதி தனக்கு உதவுகிற இளம் வக்கீல்களோடு, அதாவது ஜூனியர்களோடு, உட்கார்ந்து வேலை பார்ப்பார். அன்றைக்கு மதியச் சாப்பாடு மாரிட் கொண்டுவருவது வழக்கமாம்.

"இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட் டிஷ் அடுப்புல சூடாகுது. யாரும் எங்கயும் போக முடியாது, சாப்பிடவாவது செய்யலாம்" என்றாள். அந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவள்தான்.

நீதிபதி கருப்பு அங்கி இல்லாமல், முழங்கை தேய்ந்த ஸ்வெட்டரில் இருந்தார். நெட்டை உருவம். கோராவின் கையை விடாமல் குலுக்கினார்.

"பெட்ரிச். உங்க அப்பா ரயில்வேல இருந்தாரா?"

"இல்ல, ஜட்ஜ். ரொட்டிக் கடை."

"நல்ல தொழில். உக்காருங்க."

நிருபர் அனுப்பியிருந்த ஒலிப்பதிவைக் கோரா போனில் போட்டாள். அவருடைய கனத்த குரல் அறை முழுக்க ஒலித்தது. 'டேல் கின்னுனென்தான் தீ வெச்சவன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவனோட சாட்சிங்க என்ன அழுதாலும் சரி, அவன் வீட்டுக்குப் போகக் கூடாது.' பின்னால் ஏதோ சரசரவென்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

"உங்க குரலா?"

"என் குரல்தான்."

"வெட்டி ஒட்டினதா?"

"இல்ல. நான் சொன்னதுதான்."

"எதுக்காகச் சொன்னீங்க?"

"அதைச் சொல்ல முடியாது. வழக்கு முடியற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பத்திரிகைகிட்டயும் கூடாது, உங்ககிட்டயும் கூடாது."

கூலி கொடுத்துக் கூப்பிட்டுவிட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஜட்ஜ், ஊமைப் படத்துக்கு நாங்க கதை எழுதறதில்லீங்க" என்றேன். கோரா என் காலை மிதித்தாள்.

அவர் கோபப்படவில்லை. "என் நிலைமை உங்களுக்குப் புரியணும். தண்டனை கொடுத்தா, ஏற்கெனவே முடிவு பண்ணிட்டான்னுவாங்க. விட்டா, பயந்து விட்டான்னுவாங்க. வழக்கைவிட்டு விலகினா, குத்தத்தை ஒத்துக்கிட்டான்னுவாங்க. எந்தக் கதவைத் திறந்தாலும் சுவர்தான் இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இந்த அறைல பேசினதை வெளிய கொண்டுபோனது யாரு? இங்க இருக்கறது என் ஜூனியர்ங்க ரெண்டு பேர்தான். பிள்ளைங்க மாதிரி வெச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல என் ஜூனியர் ஒருத்தர்கூட வாய் விட்டதில்ல." கோராவின் பக்கம் திரும்பினார். "பெட்ரிச்... உங்க அப்பா ரயில்வேல இருந்தவரா?"

கோரா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூலையில் நின்ற பெண் குறுக்கிட்டாள். "ஜட்ஜ், இவங்க எங்களைத் தனியாப் பாக்கணும்னாங்க. லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" நாங்கள் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்தப் பெண் ஷாவ்னா டிலார்ட். ஜார்ஜியாவிலிருந்து வந்தவள், சட்டக் கல்லூரியில் முதல் வரிசை. இன்னொரு ஜூனியர் கோல்பி ரென், நெப்ராஸ்காக்காரன். நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தான். லைப்ரரியில் கோரா திரும்பவும் ஒலிப்பதிவைப் போட்டாள். கோல்பி தரையைப் பார்த்தான். ஷாவ்னா உதட்டைக் கடித்தாள்.

"எதுக்குச் சிரிப்பு வந்தது?" என்றாள் கோரா.

"நான் சிரிக்கலையே."

"சிரிக்காம இருக்கக் கஷ்டப்பட்டே. எதுக்கு?"

"சேம்பர்ல நடக்கறதை நாங்க சொல்லக் கூடாது, மேடம். சொன்னா இந்த நாட்டுல எந்தக் கோர்ட்டும் எங்களைச் சேத்துக்காது. அவ்வளவுதான் எங்க வாழ்க்கை."

"சரி, வழக்கைப் பத்திக் கேக்கல. வெள்ளிக்கிழமை மதியம் ஜட்ஜும் நீங்களும் எங்க சாப்பிடறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"ஜட்ஜுக்கு பிட்சா வேணும்னா..." என்று கோல்பி மெதுவாக ஆரம்பித்தான். "வறுத்த மீனுக்காக வாதாடுவார்."

"மீன் பிடிக்காதா?"

"மனசுல பிட்சான்னு முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம். அவர் எப்பவும் தான் தோக்கடிக்கப்போற பக்கத்துக்குத்தான் வாதாடுவார். முழு மூச்சா வாதாடுவார். நாங்க எதிர்த்து ஜெயிக்கணும். எங்களால முடியலேன்னா அவர் முடிவு தப்புன்னு அர்த்தம், மாத்திக்குவார். ஒரு வெள்ளிக்கிழமை நாங்க தோத்து, எல்லாரும் மீன் தின்னோம்."

"எல்லா விஷயத்துலயும் இப்படித்தானா?"

"சாப்பாட்டைப் பத்தித்தான் கேட்டீங்க" என்றாள் ஷாவ்னா. ஆனால் கண் 'ஆமாம்' என்றது.

கோரா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் அப்படிச் சாய்ந்தால் மீன் தூண்டிலில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

"மாக்கி, கேட்டியா? அந்தாளு உள்ள போகணும்னு ஜட்ஜ் கத்தினார். அப்படின்னா?"

"வீட்டுக்கு அனுப்பறதா முடிவு பண்ணியிருக்கார். பாஸ், இது தலைகீழ் ஊரு. இங்க சம்பளம் கேட்டா அபராதம் போடுவாங்க போலிருக்கு."

"இப்ப யோசி. இது வெடிக்காத வெடின்னு இவங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பேப்பரைப் பாத்தா அவரோட பழைய ஜூனியர் அத்தனை பேரும் சிரிப்பாங்க, இவ இப்ப சிரிச்ச மாதிரி. அதுல பாதிப் பேர் இன்னிக்கு நீதிபதிங்க. தெரிஞ்சவங்க இதைக் கொளுத்திப் போட மாட்டாங்க. அனுப்பினவங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. ஆனா அந்த நேரத்துல அறைக்குள்ள இருந்தவங்க."

"இங்க வேற யாரும் வர்றதே இல்லையே" என்றான் கோல்பி. சொல்லி முடிக்கும்போதே அவன் முகம் மாறியது.

"சாப்பாடு ரெடி" என்று சேம்பரிலிருந்து மாரிட்டின் குரல் வந்தது.

பெரிய மேஜையின் நடுவில் ஹாட் டிஷ் வந்து உட்கார்ந்தது. மாரிட் அதன் மேல் மூடியிருந்த அலுமினியத் தாளை உரித்தாள். சரசரவென்று ஒரு சத்தம். பசியில் இருக்கிறவன் காதுக்கு அந்தச் சத்தம் தப்பாது. ஒலிப்பதிவின் கடைசியில் கேட்டதும் அதேதான். நான் கோராவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே மாரிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஹெல்ஸ்ட்ரோம், உங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமையல்னு ஜட்ஜ் வாதாடுவாரா?"

"எல்மரா? நான் போட்டதைச் சாப்பிடுவார். அந்தச் சண்டையெல்லாம் எங்க வீட்டுல கிடையாது."

"அதனாலதான் அவர் பழக்கம் உங்களுக்குத் தெரியல" என்றாள் கோரா, மெதுவாக.

மாரிட் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் கணவரை மட்டும் பார்த்தாள்.

"நான்தான் போன்ல பதிஞ்சு அனுப்பினேன், எல்மர்."

நீதிபதி எழுந்து நின்றார். எழுந்தால் உத்தரவு போடுவதுதான் அவருக்குப் பழக்கம். இப்போது அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீயா? மாரிட், நீயா? நான் அந்த ஆளை விடத்தான் போறேன். அதுக்காகத்தான் அப்படிப் பேசினேன். இந்தப் பசங்களைக் கேளு."

"நீ அவனை விடப்போறயா, உள்ள போடப்போறயா, எனக்குத் தெரியாது. எனக்கு அது முக்கியமும் இல்ல. போன சனிக்கிழமை இதே பேச்சைப் பேசினே. அதுக்கு முந்தின சனிக்கிழமையும் பேசினே. அதே வார்த்தை, நடுவுல அதே ஜோக்கு, சிரிக்கறதுக்கு அதே இடத்துல நிறுத்தினே. ரெண்டு தடவையும் உனக்கு அது முதல் தடவை." அவள் கண் நிறைந்துவிட்டது. "நாற்காலியை விட்டுட்டு வீட்டுக்கு வான்னு எத்தனை தடவை கேட்டேன்? ஆயுசுக்கும் சத்தியம் பண்ணியிருக்கேன்னே. உன்னை அனுப்ப ஒருத்தராலயும் முடியாது. மேல சொன்னா உன்னை ஒரு ரூம்ல உக்கார வெச்சு, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேப்பாங்க. அது உனக்கு நடக்கக் கூடாது. பேப்பர்ல சின்னதா ஒரு சலசலப்பு வந்தா இந்த ஒரு வழக்கைவிட்டாவது விலகுவேன்னு நெனச்சேன். இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. நாலு நாளாத் தூங்கல நான்."

"வயசான ஆளு ரெண்டு தடவை பேசினா என்ன?" என்று நீதிபதி ஜூனியர்கள் பக்கம் திரும்பினார். "பசங்களா, சொல்லுங்க. நான் முடிவு பண்ணினது ஒண்ணுதானே?"

கோல்பி மறுபடியும் விரலைக் கடித்தான். கடைசியில் ஷாவ்னாதான் வாயைத் திறந்தாள்.

"அந்த ரெண்டு சனிக்கிழமைக்கும் நடுவுல, புதன்கிழமை நீங்க டேல் கின்னுனென் பக்கம் வாதாடினீங்க, ஜட்ஜ்."

"இல்ல."

"ரொம்ப நல்லா வாதாடினீங்க. அப்படின்னா அவனுக்குத் தண்டனைன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். போன சனிக்கிழமை திரும்ப மாத்தினீங்க. உங்ககிட்ட கேக்க எங்களுக்கு மனசு வரல. ரெண்டு தீர்ப்பும் எழுதித் தயாரா வெச்சிருக்கோம். திங்கட்கிழமை காலைல நீங்க எதைக் கேக்கறீங்களோ அதைக் கொடுத்துடலாம்னு."

என் பாஸ் கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்த மெக்கானிக்கைக் கெட்டிக்காரத்தனமாக விடுதலை செய்திருந்தாள். இப்போது அவன் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மட்டுமா? வெளியே சொன்னால் பிழைப்புப் போகும் என்று இந்த இரண்டு பேர், சொல்லாவிட்டால் பாவம் என்று அந்த அம்மா, எழுந்திருக்கத் தெரியாமல் அவர். எல்லாரையும் சேர்த்துத்தான் மார்ஷல் பூட்டியிருக்கிறார் என்று தோன்றியது. எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

கோல்பி அவசரமாகச் சொன்னான். "ஜட்ஜ், ஒரு வழி இருக்கு. திங்கட்கிழமை விடுதலைத் தீர்ப்பைப் படிச்சுடுங்க. அதுதான் சரியான தீர்ப்புன்னு எனக்குத் தோணுது. அன்னிக்கே ஓய்வுன்னு சொல்லிடுங்க. அவன் வீட்டுக்குப் போயிடுவான், உங்க பேரும் கெடாது."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. நீதிபதி அவனைப் பார்த்தார்.

"நான் சரியா இருந்தது சனிக்கிழமையா, புதன்கிழமையா?"

கோல்பி ஷாவ்னாவைப் பார்த்தான்.

நீதிபதி ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. திரும்பியபோது முதுகு நிமிர்ந்திருந்தது. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"நான் இந்த நாற்காலில இருக்கணும்" என்றார். "ஏன்னு சொல்றேன். நான் எழுந்து போனா இந்த விசாரணை செல்லாது. எல்லாம் முதல்லேர்ந்து. டேல் கின்னுனென் இன்னும் எத்தனை மாசம் ஜெயில்ல கிடக்கணும்? ஜூரியை வேண்டாம்னு சொன்னது என்னை நம்பி. அந்த ஆளைப் பாதி ஆத்துல விட்டுட்டு நான் வீட்டுல போய் உக்காரணுமா? அவன் பக்கத்து முக்கியமான சாட்சிக்கு என்னைவிட வயசு அதிகம். அடுத்த விசாரணை வரைக்கும் இருப்பாரா? எனக்கு ஆயுசுக்கும் இந்தப் பதவியைக் கொடுத்தது எதுக்கு? பேப்பர்க்காரன் மிரட்டினாலும், ஊரே தூத்தினாலும், சொந்தப் பெண்டாட்டி கெஞ்சினாலும் எழுந்திருக்கக் கூடாதுன்னுதான். ஏரி வழக்குல என் வாசல்ல செத்த மீனைக் கொட்டினாங்க. மாரிட் அதைக் கூட்டித் தள்ளிட்டு எனக்குக் காபி போட்டா. அன்னிக்கு நான் எழுந்து போயிருந்தா இன்னிக்கு இந்த ஊர் எந்தத் தண்ணியைக் குடிக்கும்? நான் சில விஷயத்தை மறக்கறேன். சரி. மறக்கறதை ஞாபகப்படுத்த ரெண்டு புத்திசாலிங்க பக்கத்துலயே இருக்காங்க. எந்த நீதிபதிக்கு இல்ல?"

ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. என் அப்பா வெறுத்த குரல் அதுதான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே 'இருக்கட்டும், இவர் இருக்கட்டும்' என்று என் மனசு சொல்லிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இவர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்? தோற்கடிக்கப்போகிற பக்கமா, அல்லது மனசாரவா? கோராவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. மாரிட் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எதிர் வாதம்?" என்றார் நீதிபதி.

கோல்பி தலையைக் குனிந்துகொண்டான். ஷாவ்னா எழுந்தாள்.

"இன்னிக்குக் காலைல நீங்க என் பேரைக் கேட்டீங்க, ஜட்ஜ். சொன்னேன். காபி குடிச்சுட்டு மறுபடியும் கேட்டீங்க." அவள் குரல் உடைந்தது. "நான் ஞாபகப்படுத்தறேன், சரி. ஆனா தப்பா ஞாபகப்படுத்தினா உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் டேல் கின்னுனெனுக்குத் தீர்ப்புச் சொல்றது யாரு? நானா? என்னை யாரும் நீதிபதியாக்கலையே."

நீதிபதி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, தலைமை நீதிபதியின் வீட்டு எண்ணை ஷாவ்னாவைப் போடச் சொன்னார்.

"எல்மர் பேசறேன். கின்னுனென் வழக்கை வேற யாருக்காவது கொடு. இல்ல, பேப்பருக்குப் பயந்து இல்ல. என் ஞாபகம் போயிட்டிருக்கு. ஆமா, எல்லா வழக்கும்தான். பேப்பருக்கும் அதையே சொல்லு. பேசினது நான்தான், என் புத்தி சரியில்லேன்னு சொல்லு." போனை மறு காதுக்கு மாற்றினார். "இன்னொண்ணு. அவனுக்கு ஜாமீன் மனு திரும்பப் போடலாம்னு இன்னிக்கே யாராவது போய்ச் சொல்லணும். ஏன் தாமதம்னு கேப்பான். என்னாலதான்னு சொல்லச் சொல்லு."

போனை வைத்தார். மாரிட் வந்து அவர் தோளைத் தொட்டாள். அவர் அவள் கையைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை.

கோல்பிக்கு இப்போதுதான் உயிர் வந்தது. "நீங்க தோக்கற பக்கம்தான் பேசறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், ஜட்ஜ்" என்றான்.

"தெரியுமா? நல்லது" என்றார் நீதிபதி. "அப்படித்தான் ஆரம்பிச்சேன். பாதில எந்தப் பக்கம்னு எனக்கே மறந்துபோச்சு." ஷாவ்னாவின் பக்கம் திரும்பினார். "நீ எழுந்திருக்கலேன்னா நான் அந்த நாற்காலிலயே இருந்திருப்பேன்."